எழுத்தா, ஏவலா?
கணினித் திரையின் லேபிள்களைப் பற்றி ஒரு விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க மலரில் நடந்த ஒரு கூத்து பழைய உறுப்பினர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். காலமான தம் கணவர் நினைவாக ஒரு மாமி அரைப் பக்கம் நன்கொடை கொடுத்திருந்தார். கையெழுத்துப் பிரதியில் கணவர் பெயருக்கு மேலே, "பெயரைத் தடித்த எழுத்தில் போடவும்" என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அச்சுக் கோத்த பையனுக்குத் தாய்மொழி மராத்தி. தமிழ் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வானே தவிர, படித்துப் பொருள் தெரிந்துகொள்ள அவனுக்கு வராது. மலர் வெளிவந்தது. படத்துக்குக் கீழே, பெயருக்கு மேலே, அழகாக அச்சாகியிருந்தது: "பெயரைத் தடித்த எழுத்தில் போடவும்."

அரங்கமே சிரித்தது. அந்த மாமி சிரிக்கவில்லை.

பையன் மேல் தப்பில்லை. எது அச்சாக வேண்டிய எழுத்து, எது தனக்கு இட்ட ஏவல் என்று பிரித்துச் சொல்ல அவனுக்கு வழியில்லை. இரண்டும் ஒரே தாளில், ஒரே மொழியில், அடுத்தடுத்து இருந்தன. கணினியும் ஏறக்குறைய அந்தப் பையன் மாதிரிதான். எழுத்துகளைக் கையாளும், பொருள் தெரியாது. நாம் தினமும் பார்க்கும் மென்பொருள்களின் திரையில் இந்தக் குழப்பம் எப்படி வருகிறது, அதைத் தவிர்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். நம் வீடுகளில் பாதிக்கு மேல் ஒரு மென்பொருள் பொறியாளராவது இருக்கிறார். இல்லாத வீட்டில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே விஷயம் நமக்கு அந்நியமானதல்ல.

குறியீட்டு மொழி என்றால் என்ன?

பிரதியின் ஓரத்தில் "இது தலைப்பு", "இங்கே புதுப் பத்தி", "இது தடித்த எழுத்து" என்று குறித்துக் கொடுப்பது அச்சுத் தொழிலில் நெடுநாள் வழக்கம். ஆங்கிலத்தில் அதற்கு 'மார்க்கப்' என்று பெயர். இதையே கணினிக்குப் புரியும்படி ஒழுங்குபடுத்தியவர்கள் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர். 1969-இல் தொடங்கிய அவர்கள் முயற்சிக்கு ஜி.எம்.எல். என்று பெயர். மூவர் பெயரின் முதல் எழுத்துகளும் அதில் ஒளிந்திருக்கின்றன! அதன் வழியில் வந்த எஸ்.ஜி.எம்.எல். 1986-இல் உலகத் தரமாயிற்று. அந்த மரபைப் பின்பற்றித்தான் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலைப்பக்கங்களுக்காக எச்.டி.எம்.எல். மொழியை உருவாக்கினார்.

அதன் இலக்கணம் எளிது. ஏவல் சொற்களைக் கோண அடைப்புக்குள் போட வேண்டும். அடைப்புக்குள் 'பி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால் அதற்குப் பின் வருவது தடித்த எழுத்து. சாய்கோட்டுடன் 'பி' வந்தால் தடிப்பு முடிந்தது. 'பி.ஆர்.' என்றால் வரி முறியும். அடைப்புக்கு வெளியே இருப்பது எழுத்து, உள்ளே இருப்பது ஏவல். அந்த அச்சகப் பையனுக்கு இப்படி ஒரு அடைப்புக்குறி உடன்பாடு இருந்திருந்தால் மாமியின் பக்கம் தப்பித்திருக்கும்.

உலாவிக்கு வெளியே வந்த எச்.டி.எம்.எல்.

வலைப்பக்கத்துக்குப் பிறந்த இந்த மொழி, கணினியில் தனியாக ஓடும் மென்பொருள்களின் திரைக்குள்ளும் புகுந்தது. அப்படிப்பட்ட மென்பொருளின் சாளரத்தில் லேபிள், பொத்தான், பட்டியல், அட்டவணை, சுட்டியை மேலே வைத்தால் எட்டிப் பார்க்கும் குறிப்புப் பெட்டி எனப் பல உறுப்புகள் இருக்கும். ஒரு லேபிளுக்கு ஒரு எழுத்துரு, ஒரு நிறம், ஒரே வரி என்பதுதான் பழைய ஏற்பாடு. நடுவில் ஒரு சொல்லை மட்டும் சிவப்பாக்க வேண்டுமா? மூன்று லேபிள்களை வெட்டி ஒட்ட வேண்டும்.

இந்தக் கஷ்டம் ஆங்கிலக்காரர்களை விட நமக்கு அதிகம். 'சேவ்' என்று ஆங்கிலத்தில் நாலே எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் 'சேமிக்கவும்' என்று நீளும். நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டுக்காக நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு மென்பொருள் எழுதினேன். அதில் "புதுப்பிக்க வேண்டிய கடைசி நாள்" என்ற லேபிள் இடம் போதாமல் "புதுப்பிக்க வே..." என்று மூன்று புள்ளியோடு நின்றது. பார்த்த பொருளாளர், "என்னப்பா இது, கணினிக்கும் மூச்சு வாங்குதா?" என்றார்.

நான் எழுதியது ஜாவா மொழியில், 'ஸ்விங்' என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு. 1998 டிசம்பரில் ஜாவாவின் 1.2 பதிப்போடு வந்தது அது. இன்றும் ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது. ஸ்விங் லேபிளில் வரிமுறிவுக் குறியைக் கொடுத்தாலும் அது வரியை முறிக்காது. ஆனால் ஒரு வசதி உண்டு. லேபிளுக்குக் கொடுக்கும் சரத்தின் முதல் ஆறு எழுத்துகளை ஸ்விங் பார்க்கும். திறக்கும் கோணக்குறி, எச், டி, எம், எல், மூடும் கோணக்குறி என்று அந்த ஆறும் அமைந்திருந்தால், "ஓகோ, இது வெறும் எழுத்தல்ல, எச்.டி.எம்.எல்." என்று முடிவு செய்து, உள்ளே ஒரு குட்டி உலாவியைப் போல அதை வரைந்து காட்டும். முதல் எழுத்துக்கு முன் ஒரே ஒரு இடைவெளி இருந்தால்கூட இந்த மந்திரம் பலிக்காது.

இந்தக் குட்டி உலாவிக்குத் தெரிந்தது 1997-இல் தரமாக்கப்பட்ட எச்.டி.எம்.எல். 3.2 பதிப்பும், நடையழகுக்கான சி.எஸ்.எஸ். விதிகளில் ஒரு பகுதியும்தான். இன்றைய வலைப்பக்க ஜாலங்கள் அதில் நடக்காது. ஆனாலும் நம் தேவைக்குப் போதும். அகலத்தை இத்தனை புள்ளி என்று சொல்லிவிட்டால் நீண்ட தமிழ்த் தொடர் தானே மடிந்து இரண்டு வரியாகும். தமிழ் ஒரு எழுத்துருவிலும் ஆங்கிலம் வேறொன்றிலுமாக ஒரே லேபிளில் அமைக்கலாம். ஒருங்குறி பரவாத காலத்தில், தமிழ் மட்டுமே கொண்ட 'டாம்' குறியீட்டு எழுத்துருவில் ஆங்கில எழுத்துக்கு இடமே கிடையாது. ஒரே வரியில் இரண்டு மொழியும் வேண்டுமானால் நடுவில் எழுத்துருவை மாற்றியே ஆக வேண்டும். அன்று தமிழ் மென்பொருள் எழுதியவர்களுக்கு இத்தகைய குறிச்சொற்களின் அருமை நன்றாகத் தெரியும்.

அழகுக்குக் கொடுக்கும் விலை

இலவசமாக எதுவும் வராது. குறிச்சொல் போட்ட லேபிளில் சில சின்னச் சின்ன இழப்புகள் உண்டு.

ஒன்று, வேகம். சாதாரண எழுத்தை வரைவது நொடியில் முடியும். எச்.டி.எம்.எல். என்றால் பிரித்துப் படித்து, உள்ளே ஒரு குட்டி ஆவணத்தை உருவாக்கிய பிறகே வரைய முடியும். ஒரு லேபிளுக்கு இது தெரியாது. அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்தையும் வரையும்போது இதே வேலை திரும்பத் திரும்ப நடக்கும். உருட்டிப் பார்த்தால் திரை மாட்டு வண்டி போல இழுக்கும்.

இரண்டு, பழைய வசதிகள் போய்விடும். பொத்தானின் குறுக்குவிசை எழுத்தின் கீழ் வழக்கமாக வரும் அடிக்கோடு, குறிச்சொல் போட்டதும் வராது. நாமே அடிக்கோட்டுக் குறிச்சொல் இட வேண்டும். ஆரம்ப காலப் பதிப்புகளில், முடக்கி வைத்த பொத்தான்கூடச் சாம்பல் நிறமாக மாறாமல் கறுப்பாகவே நிற்கும். பயனர் அழுத்திப் பார்த்து ஏமாறுவார். இடம் போதாதபோது வரும் மூன்று புள்ளியும் வராது. எழுத்து பாதியில் வெட்டுப்படும்.

மூன்று, லேபிளிலிருந்து எழுத்தைத் திரும்பக் கேட்டால் குறிச்சொற்களோடு சேர்ந்தே வரும். பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் பதில் கோணக்குறிகள் வரிசையில் நிற்கும்.

தமிழுக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாய்வெழுத்து நம் அச்சு மரபில் வேரூன்றியதல்ல. சிறிய அளவில் தடிப்பைக் கூட்டினால் 'ண', 'ஞ', 'ஐ' போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு மை கொட்டியது போலாகிவிடும். நம் சங்கத்து மூத்தவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். ஒரு திரையில் ஒன்றிரண்டு சொல்லை மட்டும் எடுப்பாகக் காட்டினால் போதும். எல்லாவற்றையும் தடித்தால் எதுவுமே தடித்ததாகத் தெரியாது.

பதிவேட்டில் ஒரு சிவப்புப் பெயர்

இதெல்லாம் தெரிந்துதான் நான் மென்பொருள் எழுதினேன். தெரியாமல் விட்டது வேறொன்று.

பொங்கல் விழா அன்று பதிவு மேசையில் இந்த மென்பொருளை ஓடவிட்டிருந்தோம். பொறியியல் கல்லூரி மாணவன் ஒருவன் வந்து, தன் பெயரைத் தானே தட்டுகிறேன் என்று விசைப்பலகையை வாங்கிக்கொண்டான். அடுத்த நிமிடம் உறுப்பினர் அட்டவணையில் அவன் பெயர் மட்டும் ரத்தச் சிவப்பில், பெரிய எழுத்தில், கட்டத்துக்குள் அடங்காமல் பாதி வெட்டுப்பட்டு நின்றது. பெயருக்கு முன் அந்த ஆறு எழுத்து மந்திரத்தையும், நிறத்துக்கும் அளவுக்குமான குறிச்சொல்லையும் தட்டியிருக்கிறான்!

"டேய், என்னடா பண்ணினே?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல அங்கிள், உங்க டேபிள் ஹெச்.டி.எம்.எல். படிக்குதான்னு பார்த்தேன். படம்கூடப் போடலாம் போலிருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. ஸ்விங்கின் குட்டி உலாவிக்குப் படக் குறிச்சொல்லும் தெரியும். படம் எங்கோ வெளியூர்ச் சேவையகத்தில் இருப்பதாக முகவரி கொடுத்தால் அங்கே போய்க் கேட்கும். அப்படியானால் பெயர்ப் பெட்டியில் ஒரு படத்தின் முகவரியைத் தட்டிவிட்டுப் போகிறவர், நம் அலுவலகக் கணினியில் அந்தப் பட்டியல் திறக்கப்படும் போதெல்லாம் தன் சேவையகத்தை எட்டிப் பார்க்க வைக்கலாம். எப்போது, எந்த இணைய இணைப்பிலிருந்து திறந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். நானூறு குடும்பங்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும் கணினி அது. அட்டவணையில் எச்.டி.எம்.எல்.-க்கு நான் எங்குமே ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் ஸ்விங்கில் அட்டவணையின் கட்டத்தை வரைவதே ஒரு லேபிள்தான். அது கேட்காமலேயே முதல் ஆறு எழுத்தைப் பார்த்துவிடுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதற்குப் பொருத்தமான சொல் உடனே தோன்றும்: இடைச்செருகல். ஏடு பெயர்த்து எழுதுகிறவர் தன் சொந்தச் சரக்கை நடுவில் சேர்த்தால் பின்னால் படிப்பவருக்கு அது மூல ஆசிரியர் வாக்காகவே தெரியும். மூலமும் உரையும் கலந்து கிடந்தால் பிரித்தெடுப்பது பெரும் பாடு. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் காலத்துப் பதிப்பாசிரியர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். நிரலாளர் எழுதிய ஏவலும் ஊரார் தட்டிய எழுத்தும் ஒரே சரத்தில் கலந்தால், கணினிக்கு இரண்டும் மூலமே.

இது விளையாட்டுப் பிள்ளை வேலை மட்டும் அல்ல என்பதற்கு 2022-இல் நடந்த ஒன்று சாட்சி. 'கோபால்ட் ஸ்ட்ரைக்' என்பது நிறுவனங்களின் கணினிப் பாதுகாப்பைச் சோதிப்பவர்கள் பயன்படுத்தும் மென்பொருள். அதன் திருட்டுப் பிரதிகளை இணையக் குற்றவாளிகளும் பயன்படுத்தினார்கள். தாக்கப்பட்ட கணினிகள் அனுப்பும் தகவலை, பயனர் பெயர் உட்பட, இயக்குபவரின் திரையில் காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. அந்தத் திரை எழுதப்பட்டது ஸ்விங்கில்! பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எச்.டி.எம்.எல். அனுப்பினால் வேட்டைக்காரரின் திரையிலேயே அது இயங்கும் என்று கண்டுபிடித்தார்கள். செப்டம்பரில் 4.7.1 பதிப்பு வந்து ஓட்டையை அடைத்தது. அது போதாமல் அக்டோபரிலேயே 4.7.2 வர வேண்டியதாயிற்று. ஸ்விங் படிக்கும் 'ஆப்ஜெக்ட்' என்ற குறிச்சொல் ஜாவா நிரல்துண்டுகளையே உயிர்ப்பிக்க வல்லது என்பதுதான் இரண்டாவது கண்டுபிடிப்பு. சிவப்பு நிறத்தில் தொடங்கும் விளையாட்டு, கணினியையே பிறர் கையில் கொடுப்பதில் போய் முடியலாம். அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் கடைசியில் செய்தது என்ன? தன் திரை முழுவதிலும் எச்.டி.எம்.எல். படிப்பதையே நிறுத்திவிட்டது.

மற்ற கருவிகள் என்ன செய்கின்றன?

எல்லாக் கருவித்தொகுப்புகளும் ஸ்விங்கைப் போல் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் பாடம் கிடைக்கும்.

'க்யூட்டி' என்ற தொகுப்பின் லேபிள், இயல்பாகவே தன்னிடம் வரும் சரம் குறிச்சொல் கொண்டதா என்று ஊகிக்கும். நாமாக 'வெறும் எழுத்து' என்று அமைத்தால் ஊகிப்பதை விடும். ஊகம் வசதியானது, ஆபத்தானதும் அதுவே.

லினக்ஸில் பழக்கமான 'ஜி.டி.கே.' வேறு வழி எடுத்தது. அதன் எழுத்துகளை வரைவது 'பாங்கோ' என்ற நூலகம். 'எல்லாம்' என்னும் கிரேக்கச் சொல்லையும் 'மொழி' என்னும் ஜப்பானியச் சொல்லையும் சேர்த்த பெயர் அது. அங்கே வெறும் எழுத்தை இட ஒரு கட்டளை, குறிச்சொல்லோடு இட இன்னொரு கட்டளை. எது வேண்டும் என்று நிரலாளரே வாய்திறந்து சொல்ல வேண்டும். ஆனால் இரண்டாவது கட்டளையில் கண்டிப்பு அதிகம். நம் மலரில் விளம்பரம் தரும் கடைகள் போல 'முருகன் & சன்ஸ்' என்று ஒரு பெயர் வந்தால், நடுவில் உள்ள அந்த '&' குறி இலக்கணப் பிழையாகிவிடும். லேபிள் அந்த எழுத்தையே ஏற்காது.

இந்த '&' விண்டோஸிலும் விஷமம் செய்யும். அங்கே லேபிளில் அது வந்தால் அடுத்த எழுத்தின் கீழ் அடிக்கோடு போட்டுக் குறுக்குவிசையாக்கு என்று பொருள். கடைப்பெயரில் இருந்த குறி மறைந்துபோகும். குறியாகவே தெரிய வேண்டுமானால் இரண்டு முறை போட வேண்டும். எச்.டி.எம்.எல். இல்லாமலேயே, ஒரே ஒரு குறியில் எழுத்தும் ஏவலும் மோதிக்கொள்வதைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் டபிள்யூ.பி.எஃப். 2006-இல் வந்தபோது நல்ல பாதை காட்டியது. தடித்த துண்டு, சாதாரணத் துண்டு என்று தனித்தனிப் பொருள்களாக எழுத்தை அடுக்கலாம். ஊரார் எழுத்தை ஒரு துண்டுக்குள் வைத்தால் அது என்றும் எழுத்தாகவே இருக்கும். இன்று வி.எஸ். கோட் போன்ற மென்பொருள்கள் 'எலெக்ட்ரான்' என்ற தளத்தில் ஓடுகின்றன. அவற்றில் முழுச் சாளரமுமே வலைப்பக்கம்தான். ஆகவே பழைய கேள்வி இன்னும் பெரிதாகியிருக்கிறதே தவிர, தீரவில்லை.

நிரல் எழுதும் நம் பிள்ளைகளுக்கு

என் பதிவேட்டை நான் எப்படிச் சரி செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன்.

முதல் வேலையாக, ஊரார் தட்டிய எழுத்து தெரியும் எல்லா உறுப்புகளிலும் எச்.டி.எம்.எல். படிப்பதை நிறுத்தினேன். ஸ்விங்கில் இதற்கென்றே 'எச்டிஎம்எல் டிஸேபிள்' என்ற பண்பு இருக்கிறது. எழுத்தை இடுவதற்கு முன்பே அதை அமைத்துவிட வேண்டும். ஒரு வரி நிரல், அவ்வளவுதான்.

அதோடு முடியவில்லை. "வருக, இன்னார்!" என்ற வரவேற்பு லேபிளில் பெயரைத் தடித்துக் காட்டியிருந்தேன். அங்கே ஏவல் என்னுடையது, பெயர் அவருடையது, இரண்டையும் நானே ஒட்டியிருந்தேன். அங்கே படிப்பதை நிறுத்த முடியாது. ஆகவே ஒட்டுவதற்கு முன், பெயரில் உள்ள கோணக்குறியையும் '&' குறியையும் அவற்றுக்கென்று எச்.டி.எம்.எல். வகுத்துள்ள மாற்று எழுத்துக்கோவையாக மாற்றினேன். கோணக்குறி திரையில் கோணக்குறியாகவே தெரியும், ஏவலாக வேலை செய்யாது.

பெயரில் கோணக்குறி வந்தால் பதிவே செய்யாதே என்று தடுத்தால் போதாதா என்று பொருளாளர் கேட்டார். போதாது. பெயர் இன்று தட்டச்சில் வரும், நாளை வேறொரு கோப்பிலிருந்து வரும். வாசலில் காவல் வைப்பதை விட, திரையில் காட்டும் இடத்தில் "இது எழுத்து மட்டுமே" என்று தீர்மானிப்பதுதான் நிலையான காப்பு.

அந்த மாணவனைக் கூப்பிட்டு மறுபடி தட்டச் சொன்னேன். இப்போது அட்டவணையில் அவன் தட்டிய கோணக்குறிகள் எல்லாம் அப்படியே, சாதுவாக, கறுப்பு எழுத்தில் நின்றன. "போங்க அங்கிள், போரடிச்சிட்டீங்க" என்றான். இப்போது பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது அவன்தான்.

நன்கொடை கொடுத்த மாமியின் பக்கத்தை அடுத்த ஆண்டு மலரில், கட்டணமில்லாமல், முதல் பக்கங்களிலேயே மீண்டும் போட்டோம். கணவர் பெயர் தடித்த எழுத்தில் வந்தது. பெயர் மட்டும்.